சரியான வேகத்தில் யாழ்தேவி

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக எழுதுகிறேன். நான் பார்த்த இந்தப் பழைய பொப் இசைக்குழு மறுபடி எங்கேயாவது மேடை ஏறுகிறது என்று கேள்விப்பட்டால் தவறவிடாமல் போங்கள். ஊரில் திருவிழாவுக்கோ ஆண்டு விழாவுக்கோ இசைக்குழு பிடிக்க யோசிக்கிறவர்கள், அதற்கு வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்கள், இவர்களைக் கேட்டுப் பாருங்கள். குறைகள் இருந்தன, அவற்றையும் எழுதுகிறேன், ஆனால் பாதிக்கு மேல் குழுவின் குறை இல்லை.

நல்லூர்த் தேரும் தீர்த்தமும் முடிந்த கையோடு வந்த ஒரு சனிக்கிழமை இரவு, வடமராட்சியில் கடற்கரையோரமாக உள்ள ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில்தான் பார்த்தேன். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு நின்றுபோன குழு அது. பாடுகிறவர் கனடாவுக்குப் போனார், கிற்றார் அடிப்பவர் பாரிசுக்குப் போனார், டிரம்ஸ்காரர் மட்டும் ஊரோடு இருந்துவிட்டார். முப்பத்தைந்து வருடம் கழித்து இந்த வருடம்தான் மூன்று பேரும் ஒரே மேடையில். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது, பதினைந்து வயதிலிருந்து இவர்களுடைய பாட்டுகள் அத்தனையும் பாடம், ஆட்களை நேரில் கண்டது இதுதான் முதல் தடவை.

குழுவின் பெயரை நான் எழுதவில்லை. அவர்களே மேடையில் பழைய பெயரைப் போடவில்லை. பேஸ் கிற்றார் வாசித்தவர் 1995 இடம்பெயர்வுக்குப் பிறகு வன்னியில் காலமாகிவிட்டார், அவர் இல்லாமல் அந்தப் பெயரைப் பதாகையில் எழுத மனம் வரவில்லை என்று பாடுகிறவர் தொடக்கத்திலேயே சொன்னார். அந்தக் காலத்து ஆட்களுக்கு எந்தக் குழு என்று இதற்குள் விளங்கியிருக்கும். விளங்காதவர்கள் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள்.

ஏன் இவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை என்று கேட்டால், பார்க்கிற வயதில் என்னை விடவில்லை. கோயில் திருவிழாவில் இவர்கள் இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியக் காலை நாலு மணி வரை போகும். அண்ணை போவார், நான் வீட்டில் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். வயல்வெளி தாண்டி, பனங்கூடல் தாண்டி, ஒலிபெருக்கிச் சத்தம் வரும், காற்று மாறினால் பாட்டு நடுவில் அறுந்துபோகும், திரும்ப வரும்போது வேறு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்த கச்சேரி அவ்வளவுதான்.

பிறகு அண்ணை அவர்களுடைய கசற் ஒன்று வாங்கி வந்தார், அது வந்த நேரமோ சண்டை வந்த நேரம். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இளம் ஆட்களும் வாசிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். 1990இல் மின்சாரம் போனது, வருடக் கணக்காக வரவில்லை. பற்றரி பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்தது. பாட்டுக் கேட்க ஒரே வழி சைக்கிள் டைனமோ. அண்ணை சைக்கிளை ஸ்ராண்டில் நிமிர்த்தி, பின் சில்லில் டைனமோவைச் சாத்தி, ஒரு பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய டயோட்டை நடுவில் போட்டு, இரண்டு வயரை ரேப் ரெக்கோடரின் பற்றரி வைக்கிற இடத்தில் ஒட்டி வைப்பார். பக்கத்தில் சாக்கு விரித்து இருந்துகொண்டு பெடலைக் கையால் சுற்றுவார். நான் வயர் கழன்றுவிடாமல் விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டிருப்பேன், டைனமோ ரயரில் உரசுகிற ‘கிர்’ என்ற சத்தத்துக்கு மேலால் பாட்டைக் கேட்க வேண்டும். முதலுக்குப் போக வேண்டுமென்றால் பென்சிலைக் கசற்றின் பல்லுக்குள் விட்டுச் சுற்றுவோம், மின்சாரத்தை அதற்குச் செலவழிக்க ஏலாது.

இதில் ஒரு விஷயம். சுற்றுகிற கை வேகமாக இருந்தால் பாட்டு அதன் வேகத்தில் ஓடும், கை களைத்தால் பாட்டும் களைக்கும். பாடுகிறவரின் குரல் மெல்ல மெல்லத் தடித்து, டிரம்ஸ் அகன்று, அண்ணை மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பிடித்ததும் குரல் மேலே ஏறும். நான் அந்தப் பாட்டுகளைப் படித்ததே அப்படித்தான். யாழ்தேவிப் பாட்டு என்று ஒன்று, கொழும்புக்குப் போகிற ரயிலின் ஸ்ரேசன்களைச் சொல்லிப் போகும், அதில் அண்ணை எப்போதும் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் களைத்துவிடுவார். அதனால் என் தலைக்குள் அந்த ரயில் மாங்குளம் தாண்டியதும் வேகம் குறையும்.

சரி, கச்சேரிக்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து 750ஆம் இலக்க பஸ்ஸில் நெல்லியடி வரை போனேன், அங்கிருந்து அண்ணை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வர அந்த நேரம் பஸ் இல்லை, தூரத்திலிருந்து போகிறவர்கள் வாகனம் ஒழுங்கு செய்துகொண்டு போங்கள். அனுமதி இலவசம். வாசலில் அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார்கள், நூலகத்துக்குப் புத்தகம் வாங்குகிற காசு என்றார்கள், நாங்களும் வாங்கினோம். கதிரைகள் தாராளமாகப் போட்டிருந்தார்கள், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று கயிறு கட்டிப் பிரிக்கவில்லை, குடும்பம் குடும்பமாக இருக்க விட்டார்கள், அதற்கு நிலையத்துப் பொடியன்களைப் பாராட்ட வேண்டும். கச்சான்காரர் இரண்டு பேர், ஐஸ்கிரீம் வான் ஒன்று, பருத்தித்துறை வடை பொதி பொதியாக ஒரு அம்மா விற்றுக்கொண்டிருந்தார், அந்த வடையைப் பற்றித் தனியாக எழுதலாம், நொறுங்குகிற சத்தம் பக்கத்துக் கதிரைக்குக் கேட்டது.

ஏழு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு, விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்புரை, பரிசளிப்பு என்று ஒன்பதேமுக்கால் ஆக்கினார்கள். எனக்கு இது சரியான கோபம். அறுபது கடந்தவர்கள் மேடைக்குப் பின்னால் கதிரையில் இரண்டேமுக்கால் மணித்தியாலம் காத்திருந்தார்கள், சின்னப் பிள்ளைகளில் கனபேர் குழு ஏறுவதற்குள் தாய்மாரின் மடியில் நித்திரை. இப்படிப்பட்ட ஒரு குழுவைப் பிடித்தால் உரைகளைக் குறையுங்கள், தயவுசெய்து.

ஒலியமைப்பு அடுத்த கவலை. வாடகைக்கு எடுத்த செற், யாருடையது என்று எழுதப்போவதில்லை, முதல் மூன்று பாட்டுக்கும் எக்கோவை அள்ளிப் போட்டு வைத்திருந்தார்கள். இவர்களுடைய பாட்டில் சொற்கள்தான் உயிர், ஒவ்வொரு சொல்லுக்கும் வால் முளைத்தால் என்ன விளங்கும்? நாலாவது பாட்டுக்கு முதல் கிற்றார்க்காரரே இறங்கிப் போய் மிக்சருக்குப் பக்கத்தில் நின்று ஏதோ கதைத்தார், அதற்குப் பிறகு வடிவாகக் கேட்டது.

இந்த இசை என்ன இசை என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இலங்கையில் பைலா என்று ஒன்று, போர்த்துக்கேயர் காலத்தோடு வந்து சேர்ந்த தாளம், வொலி பஸ்ரியன் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக்கினார். 1960களின் கடைசியிலும் 70களிலும் அந்தத் தாளத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னுக்கு நிற்பவர் உரும்பிராய்க்காரரான நித்தி கனகரத்தினம், அவருக்குப் பக்கத்தில் ஏ. ஈ. மனோகரன், தமிழ்நாட்டில் சிலோன் மனோகர் என்று சொல்வார்களே, 2018இல் சென்னையில் காலமானவர், அவர். பொப் இசை என்று பெயர் வந்தது. மாமியிடம் மகள் எங்கே என்று கேட்பதும், கள்ளுக்கடைப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்வதும் பாட்டாகும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. வானொலியில் சினிமாப் பாட்டு, கோயிலில் நாதஸ்வரம், இவற்றுக்கு நடுவில் நாங்கள் வீட்டிலும் சந்தையிலும் கதைக்கிற தமிழிலேயே மூன்று கோட்ஸ் வைத்துக்கொண்டு பாடினார்கள். பெரியவர்கள் பிடிக்கவில்லை என்றார்கள், பிள்ளைகள் பழுதாகப் போகும் என்றார்கள். கிற்றார்க்காரர் மேடையில் சொன்ன ஒரு கதை: பாரிசில் அவர் வேலை செய்த உணவுக்கடையில் ஒரு பிரெஞ்சுப் பொடியன் எந்த நேரமும் பங்க் ரொக் போடுவானாம், 1970களின் நடுவில் நியூயோர்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய இசை. முதல் நாள் கேட்டபோது இவருக்கு வந்த யோசனை, “இவங்களும் எங்களை மாதிரித்தான், மூண்டு கோட்ஸ், பொறுமையில்லை, ஊர்ப் பாஷை.” சனம் கைதட்டியது. நானும் தட்டினேன், ஏனென்றால் இந்தக் குழுவில் எனக்குப் பிடித்தது அந்தப் பொறுமையின்மைதான். முன்னிசை என்று இழுக்க மாட்டார்கள், டிரம்ஸ் நாலு தட்டு, பாட்டு.

அந்தப் பொறுமையின்மை இப்போதும் இருக்கிறது. பாடுகிறவரின் குரலில் மேல் சுரங்கள் போய்விட்டன, அதை ஒளிக்கவில்லை, சுருதியை இறக்கிக்கொண்டு பாடினார். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது, உடைந்த இடத்தைச் சனம் எடுத்துப் பாடியது. ஆனால் சொல்லைக் கடிக்கிற விதம் அப்படியே. ‘ழ’வை அழுத்துகிற விதம், வரி முடிவில் மூச்சை வெளியே விடுகிற சின்னச் சத்தம், கசற்றில் நான் பழுது என்று நினைத்திருந்தது அது, அவருடைய மூச்சு என்று சனிக்கிழமைதான் தெரிந்தது.

பேஸ் இப்போது வாசிப்பவர் காலமானவரின் பெறாமகன், முப்பது வயதிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நின்று வாசித்தார், பெரியப்பாவின் வாசிப்பை ஒரு சுரம் மாற்றவில்லை. கசற்றில் எங்களுக்குப் பேஸ் சரியாகக் கேட்டதே இல்லை, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் எப்படிக் கேட்கும். இங்கே நெஞ்சுக்குள் வந்து இடித்தது. இந்தப் பாட்டுகளுக்கு அடியில் இப்படி ஒரு ஆள் நடந்துகொண்டிருந்திருக்கிறார், நான் முப்பது வருடத்துக்கு மேல் தெரியாமல் இருந்திருக்கிறேன், அவரோ இப்போது இல்லை. இரண்டாவது பாட்டிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எனக்குப் பிடிக்காதது ஓகன், அதுதான் கீபோர்ட். புதிதாகச் சேர்த்த இளம் பொடியன், கெட்டிக்காரர்தான், ஆனால் எங்கே இடைவெளி கண்டாலும் நிரப்புகிறார். வயலின் சத்தம், புல்லாங்குழல் சத்தம், கைதட்டுச் சத்தம் எல்லாம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. பிறகு நடந்ததுதான் அன்றைய இரவின் அதிர்ஷ்டம். ஏழாவது பாட்டில் ஜெனரேற்றர் ஒரு தடவை இறுமி, லைற் மங்கி, திரும்ப வந்தது, ஓகன் மட்டும் நின்றுவிட்டது. மற்றவர்கள் நிறுத்தவில்லை. கிற்றார், பேஸ், டிரம்ஸ், ஒரு குரல், அவ்வளவுதான். அந்தப் பாட்டில்தான் குழு எனக்கு முழுதாகக் கேட்டது. கிற்றார் மேலே வெட்டுகிறது, டிரம்ஸ் தகிட தகிட என்று கீழே உருளுகிறது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறும் இடம், அந்த இடத்துக்குள்தான் கால் தானாக ஆடுகிறது. அதை நிரப்பினால் ஆட இடமில்லை. அடுத்த கச்சேரிக்கு ஓகனைப் பாதிப் பாட்டுகளுக்கு விட்டுவிடுங்கள் என்று நான் அவர்களிடமே சொன்னேன், கோபிக்கவில்லை.

நடுவில் இருபது நிமிடம் சினிமாப் பாட்டுக் கோவை ஒன்று வைத்தார்கள், அதைத் தாண்டிப் போகிறேன். வேறு குழுக்களிடம் நல்ல சினிமாப் பாட்டுக் கிடைக்கும்.

பன்னிரண்டு மணி போல யாழ்தேவி. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கிய ரயில், அந்தப் பாட்டு அது காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போகிற வழியில் உள்ள ஸ்ரேசன்களைச் சொல்லிச் சொல்லிப் போகும், ஒவ்வொரு ஸ்ரேசனிலும் ஒரு ஆள் ஏறுவார், அவருக்கு ஒரு வரி. நாங்கள் டைனமோவில் கேட்ட காலத்தில் ரயில் இல்லை. 1990இல் நின்றுவிட்டது, தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன. நான் ரயிலையே கிட்ட நின்று கண்டதில்லை, பாட்டில் மட்டும் கொடிகாமத்தில் ஏறுகிறவரையும் கிளிநொச்சியில் ஏறுகிறவரையும் தெரியும். 2014 ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ரயில் வந்த அன்று ஸ்ரேசனுக்குப் போய் நின்றேன், மனத்துக்குள் இந்தப் பாட்டுத்தான் ஓடியது.

பாடுகிறவர் மைக்கைச் சனத்தின் பக்கம் திருப்பினார். “சாவகச்சேரி!” சனம் கத்தியது. “கொடிகாமம்!” “பளை!” மடியில் நித்திரையாக இருந்த பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். “ஆனையிறவு!” என்றபோது, பெரிய சண்டைகள் நடந்த இடம் அது, சத்தம் ஒரு கணம் குறைந்தது, யாரும் சொல்லி வைத்துக் குறைக்கவில்லை, தானாகக் குறைந்தது, பிறகு “கிளிநொச்சி!” என்று இரண்டு மடங்காக வந்தது. எனக்கு முன்னால் பத்து வயதுப் பெடியன் ஒருவன், ரயில் திரும்ப வந்த பிறகு பிறந்தவன், ஸ்ரேசன் பெயர் ஒன்றையும் பிழைவிடாமல் கத்தினான். அவன் அந்த ரயிலில் போய் வந்து படித்திருக்கிறான்.

நான் மாங்குளத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது, போனது, வேகம் குறையவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பாட்டு முழுவதுமே மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கசற்றில் அண்ணை உசாராகச் சுற்றுகிற நேரம் கேட்ட வேகம் இது இல்லை. மாங்குளம் தாண்டி அவர் களைத்த பிறகு வருகிற வேகம், அதே வேகத்தில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை. வயது போய்விட்டது, மெதுவாக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன், அதில் குறையும் தோன்றவில்லை, ஆடுகிற சனத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது. வெள்ளை வேட்டி கட்டிய ஐயா ஒருவர் கதிரையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஆடிய ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

ஒரு மணிக்கு முடித்தார்கள். மூன்றேகால் மணித்தியாலம், அதில் சினிமாக் கோவையையும் அறிவிப்பாளர் பாட்டுத் தொடங்கிய பிறகும் மைக்கை விடாமல் கதைத்ததையும் கழித்தால் இரண்டரை மணித்தியாலம் தங்கம். பிடிக்க விரும்புகிறவர்களுக்கு: பாடுகிறவரும் கிற்றார்க்காரரும் மார்கழியில் திரும்ப வருகிறார்கள், தை வரை நிற்பார்கள், அதற்குள் நாலைந்து இடத்தில் செய்ய விருப்பம் என்றார்கள். நல்ல ஒலியமைப்பும் ஒழுங்கான ஜெனரேற்றரும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒன்பது மணிக்கு முதல் மேடையைக் கொடுங்கள்.

முடிந்த பிறகு அண்ணை நேரே டிரம்ஸ்காரரிடம் போனார், நானும் பின்னால் போனேன். அவர் வானுக்குப் பக்கத்தில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார், சேட் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணை டைனமோக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு, “ஐயா, கசற்றிலை இது இன்னும் கெதியாப் போகும் எல்லோ? இண்டைக்கு ஆறுதலா அடிச்சியள்” என்று கேட்டார்.

அவர் கோப்பையை வான் படியில் வைத்தார். “தம்பி, அது அறுபது நிமிசக் கசற். பக்கத்துக்கு முப்பது. எங்களிட்டைப் பாட்டுக் கூட. ஒரு வீட்டு அறைக்குள்ளை, யன்னலுக்கு மெத்தையைச் சாத்திப்போட்டு, ஒரே இரவிலை பதிஞ்சனாங்கள். எல்லாத்தையும் அடக்க வேணும் எண்டு ஓட்டி ஓட்டி அடிச்சன். கோயில் வீதியிலை அடிக்கிறது எப்பவும் இந்த வேகம்தான். இண்டைக்கு அடிச்சதுதான் சரி.”

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப நான் களைச்சுப் போய்ச் சுத்தினதுதான் சரியான வேகம்” என்றார்.

“எங்கை, சுத்திக் காட்டும் பாப்பம்” என்றார் அவர். அண்ணை வானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, இல்லாத பெடலைப் பிடித்து வலது கையைச் சுற்றத் தொடங்கினார். டிரம்ஸ்காரர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வான் கதவில் விரலால் தகிட தகிட என்று தட்டினார், அண்ணையின் கை அதோடு சேர்ந்துகொண்டது, புளியங்குளம், ஓமந்தை, வவுனியா என்று நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.